கேமரா எங்கிருந்து பார்க்கிறது? ‘சிட்டிசன் கேன்’ படத்தில் கோணமும் அதிகாரமும்

திரையில் ஒரு மனிதரை எந்த உயரத்திலிருந்து பார்ப்பது என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நமக்காகக் கேமரா தேர்ந்தெடுக்கிறது. யாரை அண்ணாந்து பார்க்க வேண்டும், யாரைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதை வசனம் தொடங்கும் முன்பே அது முடிவு செய்துவிடுகிறது. திண்ணையில் யார் அமரலாம், தெருவில் யார் நிற்க வேண்டும் என்று உயரத்தைக் கொண்டே மனிதரை அளந்த சமூகத்தில் வாழும் நமக்கு இந்த மொழி புதிதன்று.

அடிப்படைக் கோணங்கள் மூன்று. கேமரா கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது தாழ்கோணம். அது உருவத்தைப் பெருக்கிக் காட்டும். மேலிருந்து கீழ்நோக்குவது உயர்கோணம். அது உருவத்தைச் சிறுக்கச் செய்யும். பார்க்கப்படுபவரின் கண்களுக்கு நேராக நிற்பது கண்மட்டக் கோணம். கேமராவின் உயரமும் கோணமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தில் யசுஜிரோ ஓசு, பாயில் அமர்ந்திருப்போரின் அளவுக்குக் கேமராவைத் தாழ்த்துகிறார். ஆயினும் அது எவரையும் பூதாகரமாக்குவதில்லை. உடன் அமர்ந்து பார்க்கிறது.

தாழ்கோணம் என்றால் அதிகாரம், உயர்கோணம் என்றால் பலவீனம் என்பது பாடநூல் சூத்திரம். அது எங்கே போதாமல் போகிறது என்பதை அறிய, ஆர்சன் வெல்ஸ் இயக்கி, நடித்து, கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு செய்த ‘சிட்டிசன் கேன்’ (1941) உதவும்.

பத்திரிகை முதலாளி சார்லஸ் ஃபாஸ்டர் கேன், ஆளுநர் தேர்தலில் போட்டியிடுகிறார். எளிய உழைப்பாளரின் காவலன் எனத் தம்மை முன்னிறுத்திப் பேசுகிறார். அவருக்குப் பின்னால் அவருடைய முகமே பிரம்மாண்டமான படமாக நிற்கிறது. கூட்டம் முடியும் தறுவாயில் கேமரா அரங்கின் உச்சிக்குச் செல்கிறது. அங்கே நின்று பார்ப்பவர் அவருடைய எதிரியான அரசியல் தரகர் கெட்டிஸ். அந்த உயரத்திலிருந்து மேடையில் இருக்கும் கேன் மிகச் சிறியவராகத் தெரிகிறார். வீழ்ச்சி எங்கிருந்து வரப்போகிறது என்பதை ஒரு சொல்லும் இன்றிக் கோணமே சொல்லிவிடுகிறது.

தேர்தலில் கேன் தோற்கிறார். வாக்குப்பதிவில் மோசடி நடந்ததாக அவருடைய பத்திரிகை தலைப்பிடுகிறது. அன்றிரவு அலுவலகத்துக்கு நண்பர் லேலண்ட் குடிபோதையில் வருகிறார். இக்காட்சிக்காகப் படப்பிடிப்புத் தளத்தின் தரையைத் தோண்டிக் கேமராவை இறக்கினார்கள். கேனின் கால்களே தூண்களைப் போல் எழுகின்றன. சூத்திரத்தின்படி இது வெற்றியாளரின் கோணம்; ஆனால் நிற்பவர் தோற்றவர். தலைக்கு மேலே கூரை தெரிகிறது. அக்கால அரங்கங்களில் விளக்குகளுக்காகக் கூரையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்; வெல்ஸ் துணியால் கூரை அமைத்தார். அந்தக் கூரை கேனை மேலிருந்து அழுத்துகிறது.

அங்கே லேலண்ட் சொல்வதுதான் நமக்கு முதன்மையானது. மக்களை உங்கள் உடைமையைப் போல் பேசுகிறீர்கள். உழைப்பாளர்கள் அமைப்பாகத் திரண்டு, உங்கள் கொடையாக அல்லாமல் தங்கள் உரிமையாகக் கேட்கும்போது அதை உங்களால் தாங்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்தக் கோணம், தம்மை வள்ளலாகக் கருதிக்கொள்ளும் ஒருவரின் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறது. மக்கள் எப்போதும் தம் காலடியிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். இனி அப்படிப் பார்க்க ஆளில்லை.

அவர் சொல்லுக்குக் கட்டுப்பட எஞ்சியிருப்பவர் மனைவி சூசன் மட்டுமே. தரையில் அமர்ந்து, இனிப் பாட மாட்டேன் என்று அவர் மன்றாடும்போது, நின்றிருக்கும் கேனின் நிழல் அவர் முகத்தின் மீது விழுகிறது. பின்னர் அவரும் வெளியேறிவிடுகிறார்.

கேமரா யாருடைய இடத்தில் நிற்கிறது என்ற கேள்வியை நம் நாட்டில் கூர்மையாக எழுப்பிய படம் நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ (2013). ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஜப்யா, தன்னைக் கேலி செய்தவனை நோக்கி எறியும் கல், நேராகக் கேமராவை நோக்கி, அதாவது பார்வையாளராகிய நம்மை நோக்கி வருகிறது. அதுவரை எங்கே நின்று வேடிக்கை பார்த்தோம் என்பதை அக்கல் கேட்கிறது.

ஆகவே, ஒரு காட்சியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். கேமரா யாருடைய கண்களின் இடத்தில் நிற்கிறது? அந்தக் கோணம் வசனத்தை வழிமொழிகிறதா, மறுக்கிறதா? நம் மக்களைக் கண்ணுக்குக் கண் பார்க்கும் சட்டகம் அப்படத்தில் ஒன்றேனும் உண்டா?