குறவஞ்சியின் மறுமேடையேற்றம்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலில், மாணிக்கவாசகர் வாழ்வோடு பிணைந்த ஆத்மநாதர் கோயிலின் மண்டபத் தூண்களில், வீரபத்திரர், பிட்சாடனர் முதலிய தெய்வ வடிவங்களுக்கு இணையாகக் குறவனும் குறத்தியும் செதுக்கப்பட்டுள்ளனர். கோயிலுக்குள் குறத்தி பெற்ற இடம் கல்லோடு நின்றுவிடவில்லை. உலா வரும் தலைவனைக் கண்டு காதல்கொண்ட தலைவிக்குக் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வதையும், அக்குறத்தியைத் தேடித் திரியும் அவள் கணவன் சிங்கன் இறுதியில் அவளைக் கண்டு சேர்வதையும் பொருளாகக் கொண்ட குறவஞ்சி என்னும் சிற்றிலக்கியம், பாடவும் ஆடவும் ஏற்றதாக அமைந்திருந்தமையால், தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியாகவும், புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலில் விராலிமலைக் குறவஞ்சியாகவும் தேவதாசியரால் ஆடப்பெற்றது.

புதுக்கோட்டையிலேயே பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிவைத்த நெடும்போராட்டத்தின் பயனாக, பெண்களைத் தேவதாசியராகக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அச்சட்டம் தேவையானது, எனினும், ஆடியவர்களுக்கு வேறு அரங்கோ வாழ்வூதியமோ அமையாததால், கோயிற் குறவஞ்சிகள் ஆடுவாரற்றுப் போயின என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இதற்குச் சற்று முன்னரே, 1936இல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, 1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக, அதாவது பல ஆடுநர் வெவ்வேறு பாத்திரங்களேற்று ஒரு முழுக்கதையை நடத்தும் வடிவில், மேடையேற்றினார். ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் மேலை அரங்கின் ஒழுங்கையும் ஒளியமைப்பையும் அறிந்திருந்த அவர், ஆட்டத்திற்கு மரபையே நாடினார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைக்க, குறவஞ்சி ஆட்டத்தை வழிவழியாக அறிந்த காரைக்கால் சாரதாம்பாள் துணைநின்றார். பழைய பரம்பரையின் கலைஞர் ஒருவரது உடலறிவு புதிய அரங்கிற்குக் கைமாறிய இந்நிகழ்வே அப்படைப்பின் உயிர்நாடியாகும். நிறுவனத்தின் புகழில் சாரதாம்பாளின் பங்கு மங்கிப்போனது நேர்மையான கணக்கன்று. பின்னர் 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970இல் மகா பட்டாபிஷேகத்தில் முடிந்த ஆறு பகுதி இராமாயணம் உருவாயிற்று; அதற்கு இசையமைத்துவந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961இல் மறைந்தபின், அவருடைய பேரன் எஸ். ராஜாராம் எஞ்சியதை நிறைவுசெய்தார்.

ருக்மிணி தேவி 1986இல் மறைந்தபின்னும் கலாக்ஷேத்திராவின் குழு அந்நாடகங்களைத் தொடர்ந்து ஆடிவருகிறது. மேலை நாடுகளில் இத்தகைய மறுமேடையேற்றத்திற்கு எழுத்துத் துணை உண்டு. ரூடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட அசைவுக் குறியீட்டு முறையில் நடன அமைப்பாளர் குர்ட் யோஸின் 'பச்சை மேசை' பதிவுசெய்யப்பட்டதால், 1932இல் அரங்கேறிய அப்போரெதிர்ப்பு நாட்டியத்தை, அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு 1967இல் யோஸின் வழிகாட்டுதலோடு எடுத்து ஆட முடிந்தது. கலாக்ஷேத்திராவிலோ, ஒரு பாத்திரத்தை ஆடியவர் அடுத்து ஆடுபவருக்கு அடவும் அபிநயமும் நேரில் கற்பிப்பதும், நட்டுவாங்கம் செய்பவர், அதாவது தாளமிட்டுச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துபவர், முழு அமைப்பையும் நினைவில் தாங்குவதுமே முதன்மை வழியாக இருந்துவருகின்றன. இம்முறையில் நுண்மை காக்கப்படுகிறது. ஆனால் ஒரு தலைமுறை இடையில் விட்டுப்போனால் மீட்பு மிக அரிதாகிறது.

விராலிமலைக் குறவஞ்சிக்கு நேர்ந்தது அதுவே. விராலிமலைக் கோயிலில் சதிர் என்னும் தேவதாசியர் ஆட்டத்தை ஆடிய முத்துக்கண்ணம்மாள் 2022இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது நாடு அவரைப் பாராட்டியது. ஆயினும் அவர் அறிந்த ஆட்டத்தை இடைவிடாது மேடையேற்றும் கடமையைப் பாராட்டு நிறைவேற்றிவிடாது. குற்றாலக் குறவஞ்சிக்குச் சென்னையில் கிடைத்த அதே உழைப்பை, அவ்வாட்டத்தை நேரிற் கற்றவர்கள் இருக்கும்போதே, புதுக்கோட்டை மாவட்டத்தின் இசைப்பள்ளிகளும் அரசின் கலை பண்பாட்டுத் துறையும் விராலிமலைக் குறவஞ்சிக்கு அளிக்க வேண்டும்.