கிண்டர் மலையும் ஞாயிற்றுக்கிழமை நடையும்

மும்பையில் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பொழுது விடியுமுன்பே கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில் ஒரு கூட்டம் ஏறுவதை அங்கு வாழும் நம்மவர் பலரும் கண்டிருப்பர். முதுகிலே பை, காலிலே கனத்த பூட்ஸ், சிலர் கையிலே ஒரு கழி. அலுவலகக் குமாஸ்தாவும் கல்லூரி மாணவரும் தொழிற்சாலைப் பணியாளரும் அக்கூட்டத்தில் கலந்திருப்பர். சஹ்யாத்திரியில் ஏதேனும் ஒரு பழைய கோட்டைக்கு ஏறி, கொண்டுபோன உணவை அங்கே உண்டு, மாலையில் அதே ரயிலில் திரும்பி விடுவர். பெங்களூரிலும் டேராடூனிலும் இத்தகைய கூட்டங்கள் உண்டு. நம் பிள்ளைகளே கூட அவற்றில் சேர்ந்து போய்வருகின்றனர்.

கூட்டமாக மலையேறுவது தமிழருக்குப் புதிதன்று. சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் ஏறுவோர் எத்தனை ஆயிரம் பேர்! ஆயினும் அது வேண்டுதலின் பொருட்டு ஏறுவது. நடப்பதற்காகவே நடப்பது, அதற்கென்று ஒரு சங்கம், அச்சங்கத்துக்கு ஒரு தலைவர், ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே அச்சிட்ட ஒரு நடைப் பட்டியல் என்னும் ஏற்பாடு வேறு வகையானது. அதற்குப் பிறப்பிடங்கள் பல. 1857இல் லண்டனில் ஆல்ப்ஸ் மலைச் சங்கம் தோன்றியது. ஆனால் அது செல்வர்களின் சங்கம். பல வாரங்கள் விடுமுறையும், வழிகாட்டிகளுக்குக் கூலி கொடுக்கப் பணமும் உள்ளவர்களே அதில் இடம் பெற்றனர். வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு உடைய ஏழைத் தொழிலாளி மலைக்குப் போன கதையை நாம் இங்கே சொல்லப் புகுகிறோம். அது மான்செஸ்டர், ஷெஃபீல்டு என்னும் இரு நகரங்களின் கதை.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அப்பெயர் அந்நியமானதன்று. பருத்தி ஆலைகளின் புகையில் மூழ்கிய ஊர் மான்செஸ்டர்; எஃகு உலைகளின் புகையில் மூழ்கிய ஊர் ஷெஃபீல்டு. இவ்விரண்டுக்கும் நடுவே பீக் என்று வழங்கும் மேட்டு நிலம் கிடக்கிறது. அதன் உச்சிதான் கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டரே. நம் நீலகிரியோடு ஒப்பிட்டால் ஒரு குன்று என்றே சொல்ல வேண்டும். மேலே கூரிய சிகரம் ஒன்றும் இல்லை. மக்கிய கரிமண் சேறும், ஹெதர் என்னும் குறும்புதரும், காற்றும் மழையும் நிறைந்த ஒரு பரந்த மேடை அது. ஆனால் ஆலைச் சங்கு ஓய்ந்த நாளில் தெரு முனையில் நின்று பார்க்கும் ஒருவனுக்கு, மூச்சுவிட இடம் அங்கேதான் இருந்தது. 1894இல் இரு நகரங்களையும் இணைக்கும் ரயில் பாதை மலையடிவாரத்து ஈடேல் சிற்றூர் வழியே திறக்கப்பட்டது. மலைக்குப் போகும் வழி பிறந்தது. மலையின்மீது நடக்கும் வழி மட்டும் பிறக்கவில்லை.

முன்னாளில் அந்த மேட்டு நிலத்தில் ஆடு மேய்ப்போரும் கரிமண் வெட்டுவோரும் தடையின்றி நடமாடினர். பின்னர் வேலியடைப்புச் சட்டங்களின்படி பொது நிலங்கள் சுற்றியிருந்த நிலக்கிழார்களுக்குப் பங்கிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கிரௌஸ் என்னும் காட்டுக்கோழி இனப் பறவையை வேட்டையாடுவது செல்வர்களின் பெரும் பொழுதுபோக்கு ஆயிற்று. அவ்வேட்டை ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கும். ஆண்டில் சில நாட்களே நடைபெறும் அந்த வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் மலையில் மனிதர் காலடி படாமல் காவலர்கள் தடியுடன் நின்றனர். வழியெங்கும் பலகைகள்: அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்.

இந்தப் பலகையைப் பற்றி மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் ஒன்று சொல்லாமல் மேலே போக இயலவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி, பிறர் நிலத்தில் வெறுமனே நடப்பது குற்றமே அன்று. அது உரிமையியல் தவறு மட்டுமே. நில உடையவர் வேண்டுமானால் நஷ்டஈடு கேட்டோ தடையாணை கேட்டோ நீதிமன்றம் செல்லலாம். போலீஸார் பிடித்துச் செல்ல அதில் இடமில்லை. ஆகவே பலகையில் எழுதியிருந்தது சட்டம் அன்று, மிரட்டல். அரசாங்க ஆவணங்களில் சிவில் தவறுக்கும் குற்றத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் எத்தனை மனிதர் வீணே அஞ்சுவர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாம் கண்டதில்லை.

இதை நன்கு உணர்ந்தவர் ஷெஃபீல்டு நகரத்து எந்திரத் தொழிலாளி ஜி. எச். பி. வார்டு. கிளாரியன் என்னும் சோஷலிசப் பத்திரிகையில் அவர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: கிண்டர் மலையைச் சுற்றி நடக்க விருப்பமுள்ளோர் வரலாம் என்று. 1900ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் கூடினர், பெண்களும் வந்தனர். அன்றைய நடையிலிருந்தே ஷெஃபீல்டு கிளாரியன் நடைச் சங்கம் பிறந்தது.

இச்சங்கம் ஆண்டுதோறும் ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய புத்தகந்தான். எந்த ஞாயிறு எந்த இடம், எந்த ரயில், எத்தனை மைல், வழியில் தேநீர் எங்கே, அன்றைக்குத் தலைமை தாங்குபவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இவ்வளவோடு நின்றிருந்தால் அதை ரயில்வே அட்டவணை என்று ஒதுக்கி விடலாம். வார்டு அதில் வேறொன்றையும் நிரப்பினார். இந்தப் பாறைக்கு இப்பெயர் எப்படி வந்தது, இந்தப் பாதையில் முன்னாளில் யார் நடந்தனர், இந்த நிலம் எப்போது பொதுவாக இருந்தது, எந்த வேலியடைப்பின்போது யார் கைக்கு மாறியது என்று பழைய வரைபடங்களையும் பத்திரங்களையும் துருவி எழுதினார். நடைக்குத் தலைமை தாங்குபவர் வழியில் ஓரிடத்தில் அமர்ந்து, அவ்விடத்துக்குப் பொருத்தமான ஏதேனும் ஒன்றைப் படித்துக் காட்டுவதும் வழக்கமாயிற்று. ஆறு நாள் பட்டறையில் உழைத்தவன் ஏழாம் நாள் தன் ஊர் மலையின் சரித்திரத்தை, அம்மலையின்மீதே நின்று, கால் சேற்றில் புதைய, கேட்டான். பல்கலைக்கழகம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தினால் தவறில்லை என்பது நம் கருத்து.

நில உடையவர்களுக்கு இது பிடிக்குமா? 1923இல் வார்டு கிண்டர் மலையில் கால் வைக்கலாகாது என்று நீதிமன்றத் தடையாணை வாங்கினர். அவரோ கைப்புத்தகத்தைத் தொடர்ந்து எழுதினார்.

நடைப்பாதைகளைக் காக்கும் சங்கங்களும் அப்பகுதியில் இருந்தன. அவற்றுள் 1894இல் தோன்றிய ஒன்று மூன்றாண்டுகள் பேசியும் எழுதியும், ஹேஃபீல்டு என்னும் ஊரிலிருந்து வில்லியம் கிளஃப் எனும் ஓடைப் பள்ளத்தாக்கு வழியே மலையைக் கடக்கும் ஒரு பாதையைப் பொதுப் பாதையாகப் பெற்றுத் தந்தது. அது 1897இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு, போல்டன் நகருக்கு அருகில் உள்ள வின்டர் ஹில்லில் அடைத்த பாதையைத் திறக்க ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு ஊர்வலம் போயினர். வழக்கில் நில உடையவரே வென்றார். கூட்டம் தோற்றது, கடிதம் வென்றது என்று இதிலிருந்து யாரேனும் முடிவு கட்டுவாரானால், அவர் 1932ஆம் ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். பார்லிமெண்டின் கதை இதைவிடச் சோர்வு தருவது. மலைகளில் நடக்கும் உரிமை வேண்டி ஜேம்ஸ் பிரைஸ் என்பார் 1884இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதன் பின்னரும் மசோதாக்கள் வந்தன. வந்தவை யாவும் வீழ்ந்தன.

இங்ஙனம் ஒரு தலைமுறை கழிந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பருத்தி ஆலைகள் பல மூடிக் கிடந்தன. காந்தியடிகள் 1931இல் லங்காஷயர் சென்று வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைச் சந்தித்தது நாம் அறிந்ததே. வேலை இல்லாதவனுக்கு மலைநடை ஒன்றே செலவில்லாத இன்பம். மலைக்கு வருவோர் பெருகப் பெருக, காவலர்களின் தடியும் சுறுசுறுப்பு அடைந்தது.

தொழிலாளர் விளையாட்டு அமைப்பு ஒன்றைச் சேர்ந்த இளைஞர் சிலர் மலையடிவாரத்தில் கூடாரமிட்டிருந்த சமயம், வேட்டைக் காவலர்களால் வசை மொழியோடு திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பென்னி ராத்மன். இருபதே வயது, குள்ளமான உருவம், மோட்டார் பழுது பார்க்கும் தொழில். பத்துப் பேர் போனால் தடுக்கிறார்கள், பல நூறு பேர் போனால் எப்படித் தடுப்பார்கள் என்று அவர்கள் எண்ணினர். துண்டுப் பிரசுரங்கள் கிளம்பின. பத்திரிகையில் செய்தியும் வந்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்தில் போலீஸார் காத்திருக்கக் கூடும் என்று ராத்மன் சைக்கிளிலேயே ஹேஃபீல்டு வந்து சேர்ந்தார். ஊர் மைதானத்தில் கூட்டம் போட விதிகள் இடம் தரவில்லை. எனவே அனைவரும் பௌடன் பிரிட்ஜ் என்னும் கல்லுடைக்கும் பள்ளத்திற்குச் சென்றனர். ராத்மன் ஒரு பாறைமேல் ஏறிப் பேசினார். வந்திருந்தோர் சுமார் 400 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாடிக்கொண்டே வில்லியம் கிளஃப் வழியாக ஏறினர். ஆம், 1897இல் கடிதம் எழுதிப் பெற்ற அதே பாதைதான்! அத்துமீறப் போனவர்கள் பாதி மலைவரை சட்டப்படியே நடந்தனர். பிறகு ஓரிடத்தில் பாதையை விட்டு விலகிச் சரிவிலே பாய்ந்தனர். தடியோடு நின்ற காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் காலில் அடிபட்டார். ஈடேல் பக்கமிருந்து ஷெஃபீல்டு இளைஞர்கள் ஏறி வந்து மேலே இவர்களோடு கலந்தனர். சிறிது நேரம் மகிழ்ந்து ஆரவாரம் செய்து இறங்கினர். கிண்டரின் உச்சியை அன்று அவர்கள் தொடவேயில்லை என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

இறங்கிய இடத்தில் போலீஸார் நின்றனர். ஆறு பேர்மீது வழக்கு. அத்துமீறல் குற்றமன்று என்பதால், கலகம் விளைவிக்கக் கூடியது, தாக்கியது என்ற பேரில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஜூலையில் டார்பியில் விசாரணை. இராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்த ஜூரி குற்றச்சாட்டை ஏற்றது. ஐவருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம். அதே கோடையில் நம் நாட்டுச் சிறைகள் சத்தியாக்கிரகிகளால் நிரம்பிக் கிடந்தன. ஆகவே இத்தண்டனை நம்மவருக்குப் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைக்குச் சிறையா என்று இங்கிலாந்து திடுக்கிட்டது. இந்நடையை அதுவரை கண்டித்து வந்த சங்கத்தாரே தண்டனையைக் கண்டு சினந்தனர். வின்னட்ஸ் கணவாயில் அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் உரிமைக் கூட்டத்துக்கு அவ்வாண்டு என்றுமில்லாத கூட்டம் திரண்டது.

உரிமையைப் பெற்றுத் தந்தவர் யார் என்னும் சர்ச்சை இன்றும் ஓய்ந்தபாடில்லை. ராத்மனின் நடை காரியத்தைக் கெடுத்தது என்று பழைய சங்கத்தார் சிலர் இறுதிவரை கூறினர்; அது ஒன்றே காரியத்தைச் சாதித்தது என்பர் வேறு சிலர். நமக்கோ இரண்டும் அரைகுறை வாதமாகவே படுகின்றன. 1939இல் கிரீச் ஜோன்ஸ் என்பவர் கொண்டுவந்த மசோதா பார்லிமெண்டில் உருமாறி, சில சூழ்நிலைகளில் அத்துமீறலையே குற்றமாக்கும் சட்டமாக வெளிவந்தது. அந்த அவமானத்தைத் தாங்கிக் கொண்டு மீண்டும் மனு எழுதியவர்கள் பழைய சங்கத்தார்தாம். போர் முடிந்து ஆட்சி மாறி, 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் வந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் மறைந்தது. 1951இல் பீக் பிரதேசம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. நில உடையவர்களோடு செய்த ஒப்பந்தங்களின்படி 1950களில் கிண்டர் மேட்டு நிலத்தின் பகுதிகள் நடப்போருக்குத் திறந்தன. 1965இல், அதே ஏப்ரல் 24ஆம் நாள், ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லைவரை சுமார் 430 கிலோமீட்டர் செல்லும் பென்னைன் நடைவழி திறந்து வைக்கப்பட்டது. ராத்மன் இல்லாவிடில் இந்நாள் யார் நினைவிலும் நின்றிராது. வார்டின் புத்தகம் இல்லாவிடில் எந்த நிலத்தைக் கேட்பது என்றே பலருக்குத் தெரிந்திராது.

வார்டுக்கு ஒரு சிறப்பு நடந்தது. 1945இல் ஷெஃபீல்டு நடைச் சங்கத்தார் பணம் சேர்த்து, லோஸ் ஹில் என்னும் குன்றில் ஒரு துண்டு நிலம் வாங்கி அவருக்கே பரிசளித்தனர். ஆயுள் முழுதும் பிறர் நிலத்தில் நடக்க வழக்காடியவர் நில உடையவர் ஆனார்! அவர் அதைத் தாம் வைத்துக் கொள்ளாமல் தேசிய அறநிதி அமைப்புக்கு எழுதிக் கொடுத்து விட்டார். 1957இல் காலமானார்.

ஹேஃபீல்டுக்குப் போன ரயில் பாதை 1970இல் மூடப்பட்டது; ஈடேல் நிலையம் இன்றும் உள்ளது. கிண்டர் மலையைத் தேசிய அறநிதி அமைப்பு 1982இல் வாங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமையை அளித்தது.

2002 ஏப்ரலில், எழுபதாம் ஆண்டு விழாவுக்குப் பௌடன் பிரிட்ஜில் மக்கள் கூடினர். 1932இல் அங்கே வேட்டை நிலம் வைத்திருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரர், தாமும் அப்பட்டம் உடையவர், அக்கூட்டத்தின் முன் நின்று தம் பாட்டனார் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அங்கே இல்லை. அவர் அவ்வாண்டு ஜனவரியில், தமது 90ஆம் வயதில், இறந்திருந்தார்.