ஊசித் தட்டுக்குக் கீழே

1851 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவில் இரண்டு தையல் இயந்திரங்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒன்று ஐசக் சிங்கருடையது. மற்றொன்று ஆலன் வில்சன் என்ற மரத்தச்சருடையது. சிங்கர் பெயரை நம் ஊர்ப் பாட்டிகளும் சொல்வார்கள். வில்சனைத் தையல்காரர்களுக்கே தெரியாது. எனக்கு இது பெரிய குறை. என் பட்டறைக்கு வருகிற கணினித் தையல் மிஷின் எதைத் திறந்தாலும், ஊசித் தட்டுக்குக் கீழே இருப்பது வில்சனின் யோசனைதான்.

அவருக்கு முன்பு, 1846-இல் எலியாஸ் ஹோவ் உரிமை பெற்ற இயந்திரத்தில், அடிநூலைத் தறியின் நாடாதான் சுமந்தது. ஊசி விடுகிற நூல் வளையத்துக்குள் நாடா புகுந்து ஓடும். பிறகு திரும்பி வரும். ஒவ்வொரு தையலுக்கும் அது ஒருமுறை நின்று திசை மாற வேண்டும். அதனால் சத்தம், அதிர்வு, தேய்மானம். வேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. வில்சனும் முதலில் ஒரு நாடாவைத்தான் செய்தார். அதன் உரிமையில் வழக்கு வம்பு வந்ததும் வேறு வழி தேடினார். அடிநூலை வளையத்துக்குள் அனுப்புவதை விட்டுவிட்டு, வளையத்தைப் பிடித்து அடிநூலைச் சுற்றி எடுத்துவர ஒரு சுழலும் கொக்கியைச் செய்தார். 1852-இல் அதற்குள், அடிநூல் சுற்றிய, காசு போல வட்டமான பாபினை அசையாமல் உட்கார வைத்தார். கொக்கி மட்டும் ஒரே திசையில் சுற்றியது. அவருடைய வீலர் அண்ட் வில்சன் கம்பெனியை 1905-இல் சிங்கரே வாங்கிக்கொண்டது.

என் அப்பா பழுது பார்த்த கறுப்பு மிதி மிஷின்களில் கொக்கி முழுச்சுற்றுப் போகாது, பாதி வரை போய்த் திரும்பும். அவர் காதால் பழுது பார்ப்பவர். ‘டக்’ என்ற ஒலி கொஞ்சம் மாறினாலே பாபின் கேஸைக் கழற்றிவிடுவார். நூல்முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உதறுவார். சற்றே இறங்கி நின்றால் சரி. சரசரவென்று இறங்கினால் கேஸின் பக்கத்துத் திருகைக் கால் சுற்று இறுக்குவார்.

1975-இல் சிங்கரின் அதீனா 2000, 1979-இல் ஜானோமியின் மெமரி 7 என்று வீட்டு மிஷினுக்குள் மின்னணு வந்தது. பூவேலைக்காக மாற்றி மாற்றிப் போட்ட கேம் தட்டுகளின் வேலையைச் சில்லு எடுத்துக்கொண்டது. ஊசி எவ்வளவு விலக வேண்டும், துணி எவ்வளவு நகர வேண்டும் என்பதெல்லாம் அதன் கணக்கு. ஆனால் ஊசி அடிமட்டம் தொட்டு இரண்டு மில்லிமீட்டர் போல மேலேறும்போது அதன் பின்னால் நூல் உப்பும்; அந்த நொடியில் கொக்கியின் முனை, ஒரு தாள் கனத்துக்கும் குறைவான இடைவெளியில் வந்து அதைக் கவ்வ வேண்டும். அந்த இடத்தில் இன்னும் இரும்பும் நூலும்தான்.

"அண்ணே, புது மிஷின், அடியில ஒரே சிக்கு. பாபின் கெட்டுப்போச்சு" என்று வருவார்கள்.

"பாதத்தைத் தூக்கிவிட்டா மேல்நூல் கோத்தீங்க அக்கா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

துணியை அழுத்தும் பாதம் இறங்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் வெளியிலேயே நிற்கும். கொக்கி இழுத்த வளையத்தைத் திரும்ப மேலே இழுக்க இறுக்கம் இருக்காது. சிக்கு கீழே தெரிந்தாலும் நோய் மேலே. அது சரியாக இருந்தால் அடுத்தது பஞ்சு. ஊசித் தட்டைக் கழற்றினால், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் மெத்தை போலப் படிந்திருக்கும். தூரிகையால் எடுக்க வேண்டும்; ஊதினால் உள்ளே போய்விடும். நூல் தீர்வதை ஒளி வைத்துப் பார்க்கிற மாடல்களில், அந்தக் கண்ணைப் பஞ்சு மறைத்தாலும் திரை பொய் சொல்லும். பிறகு பாபின் போட்ட திசை: மேலிருந்து போடும் பாபின் பெரும்பாலான மிஷின்களில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அவிழ வேண்டும்.

கடைசியாக, பாபின் உட்காரும் பிளாஸ்டிக் உறையில் வளைந்த ஊசி குத்திய தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது. லேசான கீறலை மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆழமானால் உறையையே மாற்ற வேண்டும்.

மாற்றுகிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் பிளாஸ்டிக் பாபின்களில் ஒன்றின் உயரம் 11.5 மில்லிமீட்டர், இன்னொன்று 9.2. மாற்றிப் போட்டால் நூல் அறுபடும், உறை குதிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய ஆலைகள் சிங்கரின் 15-ஆம் வகுப்பு மிஷினைப் பொது அளவில் செய்தன. ஓர் ஆலையின் உதிரி இன்னோர் ஆலையின் மிஷினுக்குப் பொருந்தியது. அப்பாவின் தகர டப்பாவில் ஒரே வகைப் பாபின்தான் இருந்தது. அதை வைத்தே அவர் தெருவில் பாதி மிஷினை ஓடவைத்தார். அந்த ஒழுங்கு கணினி மிஷினுக்கும் வர வேண்டும்.