படுத்தே கிடந்தும் சோர்வு போகவில்லையா? பொழுதுபோக்கு எப்படி உதவும்?

ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தீர்கள். ஃபோனில் வீடியோ மேல் வீடியோ. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அதே களைப்பு...

உடல் ஓய்வெடுத்தது, மனம் ஓய்வெடுக்கவில்லை. காரணம் அதுவாக இருக்கலாம்.

நெடுநாள் வேலை உளைச்சலைச் சரியாகக் கையாளாதபோது வரும் இந்தச் சோர்வை, உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. அது நோய் அல்ல என்றும் சொன்னது.

மனத்துக்கு எது ஓய்வு?

உளவியல் ஆய்வாளர்கள் சபீனா சொனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் 4 அம்சங்களை முன்வைத்தனர். நீங்கள் கேலாங்வாசி என்றால் அவற்றை இப்படி முயன்று பார்க்கலாம்:

▪ விலகல்: சாப்பிடும்போதும் வேலைக் குழுவின் வாட்ஸ்அப்பைப் பார்த்தால், நீங்கள் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறீர்கள்! அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.

▪ தளர்வு: கேலாங் ஆற்றோரம் மெதுவாக நடக்கலாம். எத்தனை அடி நடந்தோம் என்ற கணக்கு வேண்டாம்.

▪ புதிதாகக் கற்றல்: கேலாங் சிராய் சந்தையில் மீன் வாங்கி, அம்மாவிடம் கேட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள். சொதப்பினாலும் பரவாயில்லை. யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை!

▪ சொந்தத் தெரிவு: நண்பர்கள் இழுத்ததால் மட்டும் போனால் அது இன்னொரு கடமை. உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்.

எல்லாருக்கும் நேரம் கிடைக்கிறதா?

வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை. லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசுவதும் சேர்ந்து சாப்பிடுவதும்தான் அவர்களின் மன ஓய்வு. அவர்களுக்கு உதவ 2006இல் தொடங்கப்பட்ட 'ஹெல்த்சர்வ்' அமைப்பு, கேலாங்கில் மருந்தகம் நடத்துகிறது. மனநல ஆலோசனையும் வழங்குகிறது.

"இன்னிக்கு முடியல, நாளைக்குப் பார்த்துக்கலாம்..."

இப்படித் தோன்றுவது சோம்பல் அல்ல. மனம் மிகவும் களைத்திருக்கும்போதுதான் அதற்கு ஓய்வு தரும் காரியங்களைச் செய்ய மனமே வராது. சொனென்டாக் அதை 'மீட்சியின் முரண்' என்கிறார்.

ஆகவே சிறிதாகத் தொடங்குங்கள். 10 நிமிட நடை போதும். மூட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எப்போது உதவி நாடவேண்டும்?

பொழுதுபோக்கு சுமையைக் குறைக்கும். அளவுக்கு மீறிய வேலையைக் குறைக்காது. அதை மேலாளரிடம் பேசித்தான் தீர்க்கவேண்டும்.

தூக்கம், பசி, பிடித்தவற்றில் ஆர்வம்... இவை 2 வாரத்துக்கு மேல் குறைந்திருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். 1771 எனும் தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே 1767ஐ அழையுங்கள்.