‘தன்’ என்ற முன்னொட்டு: வில்மா ருடால்ஃபின் இடக்கால் குறித்து

தமிழ்ப் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கென்று தனி அடுக்கு உண்டு. அந்நூல்களில் தலைகாட்டும் பெயர்களில் ஒன்று வில்மா ருடால்ஃப். இளம்பிள்ளைவாதத்தால் இடக்கால் சூம்பிப்போன கறுப்பினச் சிறுமி 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார், மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் ருடால்ஃப் தன் கதையைச் சொன்ன விதம் வேறு. இனி நடக்கமாட்டாய் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும், நடப்பாய் என்று அம்மா சொன்னதாகவும், தான் அம்மாவை நம்பியதாகவும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருடைய நம்பிக்கை தாயின் மீது இருந்தது. அதற்கு முன்னால் ‘தன்’ சேர்த்தவர்கள் நாம். இந்த முன்னொட்டு அவர் வாழ்வைப் பற்றிய நம் புரிதலையே திருப்பிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில், இடர் எது என்று கேட்க வேண்டும். ருடால்ஃப் 1940 ஜூன் 23 அன்று டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் நகரை ஒட்டிய சிற்றூரில், சுமார் 2 கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். தந்தை எட் ரயில்வேயில் சுமை தூக்கியவர், தாய் பிளான்ச் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். தந்தையின் இரு திருமணங்களில் பிறந்த 22 பிள்ளைகளில் இவர் 20ஆவது. நிமோனியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் வந்தன, போலியோவும் தாக்கியது. நோய் யாரையும் தாக்கும், சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்குப் போலியோ எளிதில் வராது என்று அக்கால மருத்துவ உலகில் பலர் நம்பினர். பின்னாளில் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட் 1927இல் வார்ம் ஸ்பிரிங்ஸில் நிறுவிய போலியோ சிகிச்சை மையம் கறுப்பின நோயாளிகளை ஏற்கவில்லை. டஸ்கீகியில் அவர்களுக்கென்று ஒரு மையம் 1941இல்தான் திறந்தது. காலைச் சூம்பவைத்தது கிருமி. அந்தக் காலைக் கவனிக்காமல் விட்டது சமூகம்.

பிளான்ச் மகளை அழைத்துக்கொண்டு சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாஷ்வில்லுக்கு, மெஹாரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் இந்தப் பயணம், பேருந்தின் பின்னிருக்கைகளில். காலை எப்படிப் பிடித்துவிட வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்ட பிளான்ச், மூத்த பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு நான்கு முறை பிடித்துவிட்டார்கள். இதைப் பாட்டி வைத்தியம் என்று கொள்ளக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் தசைப் பயிற்சியும் அந்தப் பத்தாண்டில் போலியோ சிகிச்சையில் பரவலாக ஏற்கப்பட்டு வந்தன. கணக்கைப் பாருங்கள்: மருத்துவமனைக்கு வாரத்தில் ஒரு முறை, வீட்டில் 28 முறை. ஏழைக் குடும்பத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாரமென்றே எழுதிப் பழகியிருக்கிறோம். இந்த வீட்டில் அந்த எண்ணிக்கைதான் சிகிச்சைக்கு ஆள்பலம். தங்கையின் காலைத் தினமும் பிடித்துவிட்ட அந்த அண்ணன்களையும் அக்காக்களையும் நம் தன்னம்பிக்கை நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு மன்னிக்க முடியாத குறையாகப் படுகிறது.

இனி சமயம். குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. கறுப்பினக் கிறித்துவம் மறுமையைக் காட்டி இம்மையின் துயரத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னது என்ற விமர்சனம் பழையது, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் மெஹாரி எப்படி வந்தது? விடுதலை பெற்ற அடிமைகளுக்காக மெதடிஸ்ட் திருச்சபை நடத்திய உதவிச் சங்கத்தின் முயற்சியில், கறுப்பின மருத்துவர்களை உருவாக்க 1876இல் தொடங்கியது அது. பிளான்ச் பேருந்து ஏறிப் போய்ச் சேர்ந்த இடமே இறைநம்பிக்கை கட்டியது. ருடால்ஃபின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களில் ஒரு காட்சி வருகிறது: ஒரு ஞாயிறு, தான் அணிந்திருந்த கால்தாங்கியைக் கழற்றிவிட்டுத் தேவாலயத்தின் நடுவழியே அந்தச் சிறுமி தனியே நடந்து போகிறார். பள்ளியிலோ தெருவிலோ நடந்து காட்டியிருக்கலாம். தேவாலயத்தில் அமர்ந்திருந்தவர்களோ தன்னை நொண்டியாகப் பார்த்தவர்கள், தனக்காக மன்றாடியவர்கள். அவர்கள் முன்னால் நடப்பதுதான் முறை. தாயிடம் வைத்ததற்கும் தேவனிடம் வைத்ததற்கும் தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் பொருந்துகிறது. இந்த வாழ்வைப் பேச அந்தச் சொல் பொருத்தமானது, முன்னொட்டு இல்லாமல் இருந்தால்.

விளையாட்டுக்கு வந்தால் அவரைத் தாங்கிய இந்த மனித வலை மேலும் விரிகிறது. டென்னசி மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் எட் டெம்பிள் அவரைக் கண்டெடுத்தார். 1956 மெல்போர்னில், 16 வயதில், தொடரோட்டத்தில் வெண்கலம். 1958இல் மகள் பிறந்தாள். சிறுவர் நூல்கள் பலவும் இதை மறைக்கின்றன. மறைப்பதால் இழப்பு பெரிது: குழந்தையைக் குடும்பத்தார் வாங்கி வளர்த்ததால்தான் அவர் கல்லூரிக்கும் ரோமுக்கும் போக முடிந்தது. ரோமில் 100 மீட்டரை 11.0 நொடியில் ஓடினார். பின்காற்று மிகுந்திருந்ததால் அது சாதனையாகப் பதிவாகவில்லை. 200 மீட்டரில் 24.0 நொடி. தொடரோட்ட அணியின் நால்வரும் டெம்பிளின் மாணவியர். இறுதியில் கோல் கைமாறும்போது தடுமாற்றம் நேர்ந்தது, பின்தங்கிய ருடால்ஃப் ஜெர்மானிய வீராங்கனையைக் கடந்து முடித்தார். ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்.

இப்படிச் சொன்னால் அவருடைய சாதனை சிறுத்துவிடாதா? நியாயமான கேள்வி. அந்தக் கடைசிக் கட்டத்தை அவருக்காக வேறு யாரும் ஓடவில்லை, அந்த வேகம் முழுக்க அவருடையது. என் வாதம் அதற்கு முந்தியதைப் பற்றியது. அந்தக் கால் நிலத்தில் ஊன்றும் வரை செய்யப்பட்ட உழைப்பு பலருடையது. அதை அழித்துவிட்டு எழுதும்போது, தாங்க ஆளில்லாமல் முடங்கிய பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு மனமில்லை’ என்று சொல்பவர்களாகிவிடுகிறோம்.

தன் வெற்றி தனியாளுடையதல்ல என்பதை ருடால்ஃப் அறிந்திருந்தார் என்பதற்கு அவர் ஊர் திரும்பிய விதமே சான்று. மாநில ஆளுநர் இனப்பிரிவினையை ஆதரித்துப் பதவிக்கு வந்தவர். வரவேற்பில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே நிற்பதானால் தான் வரப்போவதில்லை என்றார் ருடால்ஃப். 1960 அக்டோபர் 4 அன்று கிளார்க்ஸ்வில்லில் நடந்த ஊர்வலமும் விருந்தும் இரு இனத்தாரும் கலந்துகொண்ட அந்நகரின் முதல் பொது நிகழ்ச்சியாக அமைந்தன. சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1963 மே மாதம், கறுப்பினத்தவரை அனுமதிக்காத ஓர் உணவகத்தை எதிர்த்து அதே ஊரில் நடந்த போராட்டத்தில் மற்றவர்களோடு அவரும் போய் நின்றார்.