தளர்ந்த இதயமும் தவறிய விதியும்

தளர்ந்த இதயத்துக்கு ஊக்கம் வேண்டும். அதன் துடிப்பை அடக்கும் மருந்து நஞ்சுக்கு ஒப்பாகும். 1960களிலும் 70களிலும் மருத்துவ மாணவருக்கு ஐயமின்றிப் போதிக்கப்பட்ட விதி இது. அன்று விலக்கப்பட்ட அம்மருந்து இன்று அந்நோயின் அடிப்படைச் சிகிச்சைகளுள் ஒன்றாகியுள்ளது. இம்மாற்றத்தின் வரலாறு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. அறிவு எவ்வாறு வளர்கிறது என்று சிந்திக்கும் நம் அனைவருக்கும் உரியது.

அதிரினலீன் போன்ற சுரப்புகள் உடலில் இருவகை வாங்கிகள் வழியே செயற்படுகின்றன என 1948இல் அமெரிக்கரான அல்குவிஸ்ற் எடுத்துக்காட்டினார். அவற்றுள் பீற்றா வாங்கியைத் தடுக்கும் புறொப்பிரனலோல் என்னும் மருந்தை 1960களின் முற்பகுதியில் ஸ்கொத்லாந்தியரான ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். நெஞ்சுவலிக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் அது பெரும் பயன் அளித்தது. ஆயின் வலுக்குன்றிய இதயமுடையோர் அதனை உட்கொண்டபோது பலரின் நிலை மோசமாயிற்று. விதி பிறந்தது இந்த அனுபவத்திலிருந்தே. அது வெறும் மூடநம்பிக்கையன்று.

1975இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் வாக்ஸ்டீன், யால்மர்சன் முதலியோர் இவ்விதியை மீறத் துணிந்தனர். இதயத்தசை நோயுற்று, துடிப்பு மிகைத்திருந்த எழுவருக்குப் பீற்றாத் தடுப்பு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தனர். நோயாளர் தேறினர். மருத்துவ உலகமோ பெரும்பாலும் இதனை நம்ப மறுத்தது.

முரண்பாட்டின் திறவுகோல் காலமே. இதயம் தளரும்போது உடல் தற்காப்புக்காக அதிரினலீன் வகைச் சுரப்புகளைப் பெருக்குகிறது. களைத்த மாட்டைத் தார்க்கோலால் குத்துவது போன்றது அது: வண்டி சிறிது தூரம் நகரும், மாடு விழுந்துவிடும். குருதியில் நோரதிரினலீன் மிகுந்த நோயாளர் விரைவில் இறக்கின்றனர் என 1984இல் கோன் முதலியோர் காட்டினர். நேற்றைய காப்பே நாளடைவில் அழிவாக மாறுகிறது. பெரிய அளவில் மருந்து கொடுத்துச் சில நாள் மட்டும் நோக்கியவர் தீங்கையே கண்டனர். மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, மாதங்கள் காத்திருந்தவர் நன்மையைக் கண்டனர்.

1999இல் ஐயம் நீங்கியது. பிசொப்புறொலோல் பற்றிய ஆய்வில் 2,647 பேரும், மெற்றொப்புறொலோல் பற்றிய ஆய்வில் 3,991 பேரும் பங்குகொண்டனர். இரண்டிலும் மரணம் ஏறத்தாழ 34 சதவீதம் குறைந்தது. இரு ஆய்வுகளும், நன்மை தெளிவானமையால், முன்கூட்டியே நிறுத்தப்பட்டன. குருதியை வெளித்தள்ளும் ஆற்றல் குறைந்த இதயத்துக்கே இம்முடிவு பொருந்தும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

எழுவரிலிருந்து ஆயிரங்களுக்குச் செல்ல 24 ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்தின் விலையை நோயாளரே செலுத்தினர். இன்று இம்மருந்துகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அவை இடம்பெற்றுள்ளன. ஆயினும் பட்டியலில் இருப்பதும் ஏழையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. விதியை வென்றது விஞ்ஞானம். அதன் பயனை மக்களிடம் சேர்ப்பது சமுதாயத்தின் கடமையாகும்.