டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ்: சீலியாக் நோயின் தோல் வடிவம்

டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்பது தாங்க முடியாத அரிப்புடன் சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும் நாட்பட்ட தோல் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம், மரபுவழியாக அதற்கு இடமுள்ள உடல்களில் சீலியாக் நோயைத் தூண்டுகிறது. அந்நோய் சிலருக்கு வயிற்றில் தெரியும். சிலருக்குத் தோலில் தெரியும். தோலில் தெரியும் வடிவமே இது. ஹெர்பெஸ் வைரஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே துணியைப் பயன்படுத்தினாலும் பரவாது. கொப்புளங்கள் ஹெர்பெஸ் போலக் கொத்தாக அமைவதால் மட்டுமே இப்பெயர் வந்தது.

அறிகுறிகள்

முழங்கை, முழங்கால், பிட்டம், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை, பிடரி, தலையின் முடிக்குள் ஆகியவை இது விரும்பும் இடங்கள். உடலின் இரு பக்கமும் ஒன்றுபோல் வருவது இதன் முக்கிய அடையாளம்: வலது முழங்கையில் வந்தால் இடது முழங்கையிலும் வரும். கொப்புளம் எழுவதற்குச் சில மணி நேரம் முன்பே அந்த இடம் எரியும், குத்தும். நோயாளி சொறிந்துவிடுவதால் முழுக் கொப்புளத்தை மருத்துவர் பார்ப்பது அரிது. பெரும்பாலும் கண்ணில் படுவது கீறல், புண், பொருக்கு, அவை ஆறிய இடத்தில் கறுத்த தழும்பு. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உள்ள தோலில் சிவப்பு தெரியாமல் இந்தக் கறுப்புத் தழும்புகளே முன்னால் நிற்கும். சிலருக்கு விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் ஊசி குத்தியது போன்ற சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றும்.

இதனால்தான் இந்நோய் பல ஆண்டுகள் வேறு பெயரில் வைத்தியம் பார்க்கப்படுகிறது. இரவு அரிப்பைக் கண்டு சொறி சிரங்கு என்று வீட்டில் எல்லோருக்கும் மருந்து பூசுவார்கள். கரப்பான் என்று ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள். பூச்சிக்கடி, ஒவ்வாமை என்று மாத்திரை மாறும். எதிலும் முழுதாகத் தீராமல், இரு பக்கமும் ஒரே இடங்களில் திரும்பத் திரும்ப வரும் அரிப்புக்குச் சீலியாக் நோயையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்க வேண்டும். வயிறு நன்றாக இருக்கிறதே என்று தள்ளிவிடக் கூடாது. இத்தோல் நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ இருப்பதில்லை. ஆனால் சிறுகுடலில் திசு எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குக் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகியிருக்கும். மீதிப் பேரிலும் பலருக்கு அழற்சி அணுக்கள் கூடியிருக்கும்.

பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்குகிறது, குழந்தைகளுக்கும் வரலாம். உலகிலேயே அதிகமாகப் பதிவான நாடுகளில் ஒன்று பின்லாந்து. அங்கே லட்சம் பேரில் சுமார் 75 பேருக்கு இது உண்டு.

அறியப்பட்ட வரலாறு

பிலடெல்பியாவின் தோல் மருத்துவர் லூயி டூரிங் 1884இல் இதைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார். சில ஆண்டுகளில் பிரான்சின் லூயி ப்ரோக்கும் இதைப் பற்றி எழுதினார். அதனால் டூரிங் நோய், டூரிங்-ப்ரோக் நோய் என்ற பெயர்களும் வழங்குகின்றன. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு இது தோல் மருத்துவர்களின் சொத்தாகவே இருந்தது. குடலோடு இதை இணைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

மருந்து முதலில் கிடைத்தது, காரணம் பிறகுதான் தெரிந்தது. 1940இல் சல்ஃபாபிரிடின் அரிப்பை அடக்குவது கண்டறியப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் டாப்சோன் அந்த இடத்தைப் பிடித்தது. டாப்சோன் தமிழ்நாட்டுக்குப் புதிய மருந்தல்ல: 1940களின் நடுவில் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் தொழுநோயாளிகளுக்கு அதை ஊசிவழியாகக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் தொழுநோய்க்கான கூட்டு மருந்து சிகிச்சையில் அது உண்டு. ஒரு தோல் நோயாளிக்கு டாப்சோன் எழுதித் தந்தால் வீட்டார் அதைத் தொழுநோய் என்று எண்ணிப் பதறுவதற்கு இடமிருக்கிறது. மருத்துவர் அதை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

கோதுமையின் பங்கை முதலில் உணர்ந்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. சீலியாக் நோயுள்ள குழந்தைகளுக்குக் கோதுமை கேடு செய்கிறது என்பதை 1950இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். தோலுக்கு அந்தச் செய்தி வந்துசேர மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1966இல் இங்கிலாந்தின் மார்க்ஸ், ஷுஸ்டர், வாட்சன் ஆகியோர் இந்தத் தோல் நோயாளிகளின் சிறுகுடலும் பழுதுபட்டிருப்பதைக் காட்டினர். 1969இல் நெதர்லாந்தின் வான் டெர் மீர், நோயாளிகளின் தோலில் எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்) மணிமணியாகப் படிந்திருப்பதைக் கண்டார். 1973இல் லண்டனின் லயனல் ஃபிரை குழு, குளூட்டனை நிறுத்தினால் தோல் தெளிவதை வெளியிட்டது. நோயின் வேர் உணவில் என்பது இந்த ஏழு ஆண்டுகளில் உறுதிப்பட்டது.

பின்லாந்தில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்குத் தோல் நோயும், மற்றவருக்குத் தோலில் எதுவுமற்ற குடல் நோயும் இருக்கலாம் என்று அது காட்டியது. மரபணு ஒன்று, நோயும் ஒன்று, வெளிப்பாடு மட்டும் இரண்டு.

உடலுக்குள் நடப்பது

ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை இருக்கும். அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. குளூட்டன் குடலில் முழுதாகச் செரிக்காமல் துண்டுகளாக நிற்கும். டிரான்ஸ்குளூட்டமினேஸ்-2 என்ற நொதி அத்துண்டுகளை மாற்றியமைக்க, எதிர்ப்பாற்றல் அவற்றையும் அந்த நொதியையும் தாக்கத் தொடங்கும். காலப்போக்கில் தோலில் உள்ள உறவு நொதியான டிரான்ஸ்குளூட்டமினேஸ்-3க்கு எதிராகவும் ஐஜிஏ வகை எதிரணுக்கள் உருவாகின்றன. இத்தோல் நோயின் இலக்கு அந்த நொதிதான் என்பது 2002இல் கண்டறியப்பட்டது. இந்த எதிரணுக்கள் மேல்தோலுக்குக் கீழே படிந்து வெள்ளையணுக்களை வரவழைக்க, அங்கே கொப்புளம் எழுகிறது. தோலில் படிந்தவை கரைய ஆண்டுகள் ஆகும். பத்தியம் இருக்கத் தொடங்கியும் ஏன் உடனே குணமாகவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். சீலியாக் எதிரணுக்கள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருந்தன. மரபணு வகையோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: நாளொன்றுக்கு வடக்கே சுமார் 455 கிராம் கோதுமை, தெற்கே சுமார் 25 கிராம். அரிசிச் சோறு தென்னிந்தியரைப் பெருமளவு காத்திருக்கிறது என்று இதிலிருந்து கருதலாம். இரவுச் சோற்றின் இடத்தைச் சப்பாத்தியும் பரோட்டாவும் பிடித்துவரும் வீடுகளில் அந்தக் காப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பது கவலைக்குரிய கேள்வி.

நோயறிதல்

கண்ணால் பார்த்து மட்டும் இதை முடிவு செய்யக் கூடாது. தோலில் சிறு துண்டு எடுத்து ஒளிர்சாயம் கொண்டு ஐஜிஏ படிவைத் தேடும் நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனையே உறுதியானது. துண்டு எடுக்கும் இடம் மிக முக்கியம். கொப்புளத்திலிருந்தே எடுத்தால் அழற்சியில் படிவு அழிந்து சோதனை பொய்க்கலாம். பக்கத்தில் உள்ள, பார்வைக்கு நன்றாகத் தெரியும் தோலிலிருந்து எடுக்க வேண்டும். இரத்தத்தில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிரணுவையும் மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். படிவு மணிமணியாக இல்லாமல் கோடுபோல் இருந்தால் அது லீனியர் ஐஜிஏ நோய் என்ற வேறொன்று. அதற்கும் குளூட்டனுக்கும் தொடர்பில்லை.

சந்தேகம் வந்ததும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போவது பலர் செய்யும் தவறு. சில மாதங்களில் இரத்த எதிரணு குறைந்து, சோதனை விடை குழம்பிவிடும். பிறகு உறுதி செய்ய மீண்டும் குளூட்டன் சாப்பிட்டு அரிப்பை வரவழைக்க வேண்டிய நிலை உண்டாகும். சோதனை முதலில், பத்தியம் பிறகு.

மருந்து

டாப்சோன் தொடங்கிய ஓரிரு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில், அரிப்பு அடங்கும். பல மாதம் தூங்காதவர் அன்றிரவு தூங்குவார். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 25 முதல் 50 மில்லிகிராமில் தொடங்கித் தேவைக்கேற்ப மருத்துவர் கூட்டுவார். ஆனால் இந்த மருந்து குடலை ஆற்றாது, எதிரணுவையும் குறைக்காது. நிறுத்தினால் சில நாளில் கொப்புளம் திரும்பும். இந்த விரைவான நிம்மதியே இதில் உள்ள ஆபத்து: தோல் சரியாகிவிட்டது என்று பத்தியத்தைக் கைவிடுபவரின் குடல் உள்ளே தேய்ந்துகொண்டே போகும். பத்தியம் வேலை செய்யத் தொடங்கும்வரை காலம் வாங்கித் தருவதே டாப்சோனின் பணி.

டாப்சோனால் சிவப்பணுக்கள் சிதையலாம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதல் மாத்திரைக்கு முன்பே அந்தச் சோதனை வேண்டும். இரத்தத்தில் மெத்ஹீமோகுளோபின் கூடி உதடும் நகமும் நீலம்பாரிக்கலாம். வெள்ளையணுக்கள் குறையலாம், நரம்புப் பாதிப்பு வரலாம். முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மஞ்சள்காமாலை வந்தால் அது டாப்சோன் மிகையுணர்வாக இருக்கலாம். மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் இரத்தப் பரிசோதனை தேவை. டாப்சோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சல்ஃபசலாசின் போன்ற மாற்றுகள் உண்டு. புதிதாக எழுந்த சில கொப்புளங்களுக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அரிப்பைக் குறைக்கும். குளிர்ந்த ஈரத்துணி, நறுக்கிய நகம், தளர்ந்த பருத்தி உடை ஆகியவையும் உதவும். புண்ணில் சீழ் பிடித்தால் தனியாகப் பார்க்க வேண்டும்.

பத்தியம்

குளூட்டன் அறவே இல்லாத உணவை வாழ்நாள் முழுவதும் உண்பதே நோயின் அடிப்படைச் சிகிச்சை. தோல் தெளியச் சில மாதங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆகலாம். அதுவரை டாப்சோனின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் பலர் அதை முற்றிலும் நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் மனம் தளர்ந்து விடுபவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள்.

தமிழ்ச் சமையலறைக்கு இது ஒப்பீட்டில் எளிது. சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள், காய்கறி, மீன், இறைச்சி, பால் எதிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. மைதா, ரவை, சம்பா ரவை, கோதுமைச் சேமியா, ரொட்டி, பிஸ்கட், பரோட்டா, கோதுமை அல்வா, பார்லிக் கஞ்சி ஆகியவை விலக்க வேண்டியவை என்று எல்லோருக்கும் விரைவில் புரிந்துவிடும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்.

அவற்றில் முதன்மையானது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினுடன் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர் என்று நாள்தோறும் பலமுறை அது உள்ளே போகிறது. சப்பாத்தியை நிறுத்தியும் அரிப்பு நிற்காத ஒருவரின் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது பெருங்காய டப்பாவின் மேலுள்ள பொருள் பட்டியலை. அரிசி மாவு சேர்த்துச் செய்த, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட வகைகளும் கிடைக்கின்றன. அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த கல்லிலேயே கேழ்வரகையும் அரைத்தால் கலப்பு நிச்சயம். வீட்டு மிக்சியில் அரைப்பதோ முத்திரையிட்ட மாவு வாங்குவதோ மேல். மால்ட் சேர்ந்த சத்து மாவும் பானங்களும், சோயா சாஸ், ரவை கலந்த தோசை மாவு, பூரி பொரித்த எண்ணெயிலேயே பொரித்த வடை ஆகியவையும் இவ்வகையே. ஓட்ஸ் தூய்மையாகப் பிரித்தெடுத்ததாக இருந்தால் பெரும்பாலோர் தாங்குவர். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும். குளூட்டன் இல்லாதது என்று பொட்டலத்தில் போட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

தோலில் பூசும் சோப்பிலும் களிம்பிலும் உள்ள கோதுமைப் பொருள் இந்நோயைத் தூண்டுவதில்லை. குளூட்டன் வாய்வழியாகப் போனால்தான் கேடு. உதட்டுச் சாயம், மாத்திரையின் மாவுப்பொருள் போன்ற விழுங்கக்கூடியவற்றில் மட்டும் கவனம் போதும்.

அயோடின் கொப்புளங்களை மூட்டிவிடும் என்பது நெடுநாளாக அறிந்தது. கடல்பாசி, அயோடின் சேர்ந்த இருமல் மருந்து ஆகியவற்றைத் தவிர்ப்பது சரி. ஆனால் அயோடின் உப்பை எல்லோரும் கைவிட வேண்டியதில்லை. தீவிரம் குறையாத சிலருக்கு மட்டும், மருத்துவர் சொல்லும் காலத்துக்குக் குறைக்கலாம். கருவுற்ற பெண்கள் தாமாக நிறுத்தினால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். இண்டோமெத்தசின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளாலும் சிலருக்கு அரிப்பு கூடுவதுண்டு.

தொடர் கண்காணிப்பு

குடல் பழுதால் இரும்பு, ஃபோலேட், பி12, கால்சியம், வைட்டமின் டி குறையலாம், எலும்பு நலியலாம். தைராய்டு நோய், முதல் வகை நீரிழிவு, வெண்படை ஆகியவை இவர்களிடம் சற்று அதிகம். நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறிதளவு கூடுதல். பத்தியத்தைப் பல ஆண்டுகள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்களிடம் அது குறைகிறது. தோல் தெளிந்த பிறகும் பத்தியத்தைத் தொடரச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

இந்நோயுள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு இதே தோல் நோயோ குடல் வடிவமோ இருக்கிறது. அவர்களும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிரணுச் சோதனையை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.